பன்னீர்க்குடத்து நீர் சொல்லும் கணக்கு

மாதர் வகுப்பு முடிந்ததும் திரைக்கு அப்பாலிருந்து துண்டுக் கடதாசிகளில் கேள்விகள் எழுதி அனுப்புவது எமது ஊர்ச் சகோதரிகளின் வழக்கம். பெரும்பாலும் தொழுகை, நோன்பு, ஸகாத் பற்றிய கேள்விகளாகவே அவை இருக்கும். ஒரு நாள் வந்த கடதாசி சற்று வித்தியாசமானது. "மௌலவி, வயிற்றுப் பிள்ளையைச் சுற்றியிருக்கும் தண்ணீரை ஊசியால் எடுத்துப் பரிசோதிப்பார்களாம். வெறும் தண்ணீரில் அப்படி என்ன தெரியப் போகிறது? என் மகளுக்கு இது ஐந்தாம் மாதம். கேட்டதிலிருந்து பயமாக இருக்கிறது" என்று ஒரு தாய் எழுதியிருந்தார்.

நான் வைத்தியன் அல்லன். தெரியாத விடயத்தில் தெரிந்தவன் போல் பேசுவது எமக்குக் கற்பிக்கப்பட்ட பழக்கமும் அல்ல. ஆகவே அன்று பதில் சொல்லாமல், அடுத்த வகுப்புக்கு முன்னர் தேடிப் படித்தேன். விளங்காத இடங்களை எனக்கு அறிமுகமான வைத்தியர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டேன். அந்தத் தாயின் கேள்விக்கு விடை தேடப் போனபோது, அவர் பேச்சுவாக்கில் எழுதியிருந்த "ஐந்தாம் மாதம்" என்ற சொல்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்பது எனக்கு விளங்கியது. அதனைத்தான் இக்கட்டுரையில் எழுத முனைகின்றேன்.

வெறும் தண்ணீர் அல்ல

கருப்பையினுள் மெல்லிய சவ்வினாலான ஒரு பை. அதனுள் நீர். அந்நீரில் மிதந்தபடி குழந்தை. பையை நம்மவர்கள் பன்னீர்க்குடம் என்பர். வைத்திய நூல்கள் அந்நீரை அம்னியன் திரவம் என்கின்றன. கருவுற்று 10 வாரமாகும்போது அது ஏறக்குறைய 30 மில்லி லீற்றர்தான்; இரண்டு மேசைக்கரண்டி அளவு. 16 வாரத்தில் ஒரு தேநீர்க் கோப்பை அளவாகிறது. 34 வாரமளவில் ஏறக்குறைய 800 மில்லி லீற்றரை எட்டி, பிரசவ நாள் நெருங்க நெருங்கச் சிறிது குறைகிறது.

இந்த நீர் ஒரே இடத்தில் தேங்கிக் கிடப்பதில்லை. ஆரம்ப வாரங்களில் இதன் பெரும்பகுதி தாயின் குருதியிலிருந்து சவ்வுகள் வழியாக ஊறி வருகிறது. அப்போது குழந்தையின் தோல் மிக மெல்லியது. அதனூடாகவும் நீர் போய்வரும். பின்னர் குழந்தையின் சிறுநீரகங்கள் வேலை செய்யத் தொடங்க, அது கழிக்கும் சலம் இந்நீரில் சேருகிறது. நுரையீரலில் ஊறும் நீரும் சேருகிறது. குழந்தையோ அதே நீரை விழுங்குகிறது. விழுங்கியது குடலில் உறிஞ்சப்பட்டு, குருதியில் கலந்து, தேவையற்றது சூல்வித்தகம் வழியாகத் தாயிடம் போய்ச் சேருகிறது. ஆகவே பன்னீர்க்குடத்து நீர் என்பது குழந்தையின் தோல், வாய், குடல், சிறுநீரகம், நுரையீரல் ஆகிய எல்லாவற்றையும் தொட்டு வரும் நீர். தொட்ட இடத்திலிருந்தெல்லாம் ஏதாவது ஒன்றைக் கூட்டிக்கொண்டு வருகிறது. அவ்வாறு கூடி வருபவற்றில் ஒரு வகைதான் நொதியங்கள்.

நொதியம் என்றால் என்ன?

சமையலறையில் இதற்கு உதாரணம் உண்டு. முற்றிய இறைச்சியை மெதுவாக்க பப்பாசிக்காய்த் துண்டொன்றைப் போடுகிறோம் அல்லவா? பப்பாசிப் பாலில் உள்ள நொதியம் இறைச்சியின் புரதத்தைத் துண்டு துண்டாக்கிவிடுகிறது. சோற்றை நீண்ட நேரம் மென்றால் இனிப்புத் தட்டுகிறது. உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதியம் சோற்றின் மாப்பொருளைச் சீனி வகையாக மாற்றுவதனால் ஏற்படும் இனிப்பு அது. உடலில் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு நொதியம் இருக்கிறது. கொத்தன் வேலையைத் தச்சன் செய்யாததுபோல, ஒன்றின் வேலையை மற்றொன்று செய்வதில்லை.

இதனால் ஒரு பயன் உண்டு. எந்த நொதியம் நீரில் காணப்படுகிறதோ, அதனை ஆக்கும் உறுப்பு அவ்வேளையில் வேலை செய்கிறது என்றும், அங்கிருந்து நீருக்கு வழி திறந்திருக்கிறது என்றும் ஊகிக்கலாம். குழந்தையைத் தொடாமலே அதன் குடலைப் பற்றியும் நரம்பைப் பற்றியும் சில செய்திகளை அறிய முடிவது இப்படித்தான்.

ஏறி இறங்கும் குடல் நொதியங்கள்

குழந்தையின் சிறுகுடல் உட்சுவரில் சுக்ரேஸ், மோல்டேஸ், அல்கலைன் பொஸ்பட்டேஸ் முதலிய நொதியங்கள் உண்டு. காமா குளூட்டமைல் டிரான்ஸ்பெரேஸ் என்ற நீளமான பெயர் கொண்ட ஒன்றும் குடலிலும் வேறு உறுப்புகளிலும் இருக்கிறது. குடலின் கீழ்வாசல் திறந்த பின்னர், ஏறக்குறைய 12, 13 வாரங்களில், இவை குடலிலிருந்து கழிந்து பன்னீர்க்குடத்து நீரில் தென்படத் தொடங்குகின்றன. பிறகு வேகமாகக் கூடி, 16 முதல் 18 வாரம் வரையான காலத்தில் உச்சத்தை அடைகின்றன.

அதன் பின்னர்தான் விடயம் இருக்கிறது. 20 வாரத்தைத் தாண்டியதும் இவை மளமளவென்று குறைந்துவிடுகின்றன. குழந்தைக்கு ஏதும் நேர்ந்ததனால் அல்ல. குடலின் கீழ்வாசலை இறுக்கும் தசை வலுப்பெற, குடலில் உள்ளது வெளியே வராமல் உள்ளேயே தங்கத் தொடங்குகிறது என்று ஆய்வாளர் விளக்குகின்றனர். அவ்வாறு தங்கிச் சேர்வதுதான் பிறந்தவுடன் குழந்தை கழிக்கும் கரும்பச்சை நிறக் 'காட்டுப்பீ'. ஆகவே 17ஆம் வாரத்தில் 'குறைவு' என்று கவலைப்பட வேண்டிய ஓர் அளவு, 22ஆம் வாரத்தில் முற்றிலும் இயல்பான அளவாக இருக்கலாம். இலக்கம் ஒன்றுதான், வாரம் மாறினால் அதன் பொருள் மாறிவிடுகிறது.

பிற்காலத்தில் கூடுபவை

இதற்கு எதிர்த்திசையில் போகும் நொதியங்களும் உண்டு. கிருமிகளின் சுவரைக் கரைக்கும் லைசோசைம் என்ற நொதியம் மாதம் ஏற ஏற நீரில் கூடுகிறது. மேற்சொன்ன அமைலேஸ் 36 வாரத்துக்குப் பின்னர் தெளிவாக உயர்கிறது. அவ்வாறு உயர்வது பெரும்பாலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வரும் வகை. சதையியிலிருந்து வரும் வகையோ அப்போதும் மிகக் குறைவுதான். பிறந்து சில மாதங்கள் வரை அது குறைவாகவே இருக்கும். ஆனால் பாலிலுள்ள சீனியைச் சமிக்கச் செய்யும் லக்டேஸ் நொதியம், கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் குழந்தையின் குடலில் நிறைவாக உருவாகிவிடுகிறது. பிறக்கும்போதே பாலுக்கு ஆயத்தமாகவும் சோற்றுக்கு ஆயத்தமில்லாமலும் குழந்தை வருகிறது. முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், கஞ்சியும் பிஸ்கட் கரைசலும் வேண்டாம் என்று மருத்துவ மாதுமார் ஏன் சொல்கிறார்கள் என்பது விளங்குகிறதல்லவா?

பிரசவ நேரம் நெருங்கும்போது பன்னீர்க்குடச் சவ்வின் உறுதியைத் தளர்த்தும் நொதியங்களும் நீரில் கூடுகின்றன. குடம் உரிய வேளையில் உடைவதற்கு அவையும் காரணம். கிருமித் தொற்று ஏற்பட்டால் இத்தகைய நொதியங்கள் காலத்துக்கு முன்னரே பெருகலாம். சவ்வும் முன்னரே கிழியலாம். எனவே மாதம் நிறையுமுன் நீர் கசிந்தால், வலி இல்லையே என்று வீட்டில் காத்திருக்கலாகாது. கசிவு சிறிதானாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

எடின்பரோவில் நடந்தது

இந்த ஏற்ற இறக்கத்தை வைத்து நோயைக் கண்டறிய முனைந்தவர்களின் கதை படிப்பினை மிக்கது. ஐரோப்பியரிடையே சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உண்டு. வட ஐரோப்பிய வம்சத்தவரில் ஏறக்குறைய 2500 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் அது காணப்படுகிறது. உடலில் ஊறும் நீர்கள் தடித்துப் பிசுபிசுப்பாகி நுரையீரலையும் சதையியையும் அடைத்துவிடும். வியர்வையில் உப்பு மிகும். தாய், தந்தை இருவரும் நோயின் அம்சத்தைச் சுமந்தவர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவிலும் 4இல் 1 என்ற அளவில் நோய் வர வாய்ப்புண்டு. முதற் பிள்ளையை இந்நோயினால் இழந்த தாய்மார் அடுத்த கர்ப்பத்தை எவ்வளவு கலக்கத்தோடு சுமந்திருப்பார்கள்!

1983இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் டேவிட் புரொக்கும் அவரது சகாக்களும் ஒரு வழியைக் கூறினர். இந்நோயுள்ள குழந்தையின் குடலில் உள்ளவை தடித்து அடைத்துக்கொள்வதால் குடல் நொதியங்கள் நீருக்கு வந்து சேருவதில்லை. எனவே உச்ச அளவு இருக்க வேண்டிய வாரத்தில் அவை மிகக் குறைந்திருந்தால் நோயைச் சந்தேகிக்கலாம் என்பதே அவர்களது கருத்து. 17, 18 வாரங்களே இதற்குத் தகுந்த காலம் எனக் கொள்ளப்பட்டது.

இச்சோதனையினால் பல குடும்பங்கள் பயன்பெற்றன. எனினும் அது கத்தி மேல் நடப்பது போன்றது. நோயுள்ள சில கருக்களில் அளவு இயல்பாக இருந்தது. நோயில்லாத சிலவற்றில் அது குறைந்திருந்தது. வேறு காரணத்தால் குடல் அடைபட்டாலும் அளவு குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக வாரக் கணக்குப் பிழைத்தால் சோதனையே பிழைத்துவிடும். உண்மையில் 21 வாரமான கர்ப்பத்தை 17 வாரம் என்று எண்ணிச் சோதித்தால், வளர்ச்சியின் இயல்பான இறக்கம் நோயின் அறிகுறி போலத் தோன்றும். ஓர் ஆரோக்கியமான குழந்தையின் மீது நோயாளி என்ற முத்திரை விழுந்துவிடும். தாயின் நாட்கணக்கில் நேர்ந்த பிழையை ஆய்வுகூடத்தின் எந்தக் கருவியாலும் திருத்த முடியாது.

1989இல் கனடாவின் டொரொன்டோவிலும் அமெரிக்காவின் மிச்சிகனிலும் இருந்த ஆய்வாளர்கள் இந்நோய்க்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தனர். அதன் பின்னர் மரபணுச் சோதனை முன்னே வர, நொதியச் சோதனை பின்னே போய்விட்டது. ஆனால் அது கற்றுத்தந்த பாடம் பின்னே போகவில்லை.

நரம்பின் நொதியம்

இன்னொரு நொதியத்தையும் சொல்ல வேண்டும். அசெட்டைல்கோலினெஸ்டரேஸ் என்பது நரம்பு இழையங்களுக்குரியது. உரிய வாரங்களில் அது பன்னீர்க்குடத்து நீரில் காணப்படுவதில்லை. குழந்தையின் முதுகந்தண்டோ மண்டையோடோ சரிவர மூடாமல் திறந்திருந்தால் நரம்பிலிருந்து அது நீருக்குக் கசிகிறது. 1979இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் இதனைக் கொண்டு அக்குறையைக் கண்டறியலாம் எனக் காட்டினர். இங்கும் வாரம் முக்கியம்தான். 13 வாரத்துக்கு முன்னர் நீரை எடுத்தால், எந்தக் குறையுமில்லாத குழந்தையிலும் இந்நொதியத்தின் சாயல் தெரிவதுண்டு.

இதே குறைக்காகப் பார்க்கப்படும் அல்பா பீட்டோ புரோட்டீன் என்ற புரதத்தின் பயனை 1972இல் வெளியிட்டவரும் மேற்சொன்ன புரொக்கும் அவரது சகா ஒருவருமே. அது நொதியம் அல்ல. எனினும் ஒரு விசித்திரத்தை அதில் காணலாம். ஏறக்குறைய 14 வாரத்துக்குப் பின் பன்னீர்க்குடத்து நீரில் அது வாரத்துக்கு வாரம் குறைகிறது. அதே வாரங்களில் தாயின் குருதியில் கூடுகிறது. வாரம் தெரியாதவருக்கு இரண்டுமே புதிர்தான்.

இக்குறையைக் கண்டறிவதைவிடத் தடுப்பது மேல். கரு உருவாகி 28 நாட்களுக்குள், அதாவது மாதவிடாய் தவறி இரண்டு கிழமை ஆகுமுன்னரே, முதுகந்தண்டு மூடிவிட வேண்டும். பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்பதே அப்போது உறுதியாகத் தெரியாது. முன்னர் இத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மாரிடம் பல நாடுகளில் நடத்தப்பட்டு 1991இல் வெளியான பெரிய ஆய்வொன்று, கருவுறுமுன்பே போலிக் அமிலம் உட்கொண்டதால் இக்குறை 72 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. ஆகவே பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் பெண்கள் கருவுறுமுன்பே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் எடுக்கத் தொடங்குவது நல்லது. முன்னர் இக்குறையுள்ள பிள்ளை பெற்றவர்களுக்குக் கூடிய அளவு தேவை. அதனை வைத்தியரே தீர்மானிப்பார்.

"ஐந்தாம் மாதம்" என்றால் எத்தனை வாரம்?

இப்போது அந்தத் தாயின் கடதாசிக்கு வருவோம். ஐந்தாம் மாதம் என்றால் 17ஆம் வாரமாகவும் இருக்கலாம், 21ஆம் வாரமாகவும் இருக்கலாம். குடல் நொதியங்கள் உச்சத்தில் இருப்பதும் சரிந்து விழுவதும் இதே இடைவெளிக்குள்தான்! நமது வீடுகளில் மாதக் கணக்குச் சொல்வது ஆறுதலுக்குப் போதும், வைத்தியத்துக்குப் போதாது.

கர்ப்ப காலம் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள் என்று கணக்கிடப்படுகிறது. ஆங்கில மாதப்படி இது 9 மாதமும் ஏறக்குறைய 7 நாளும். பிறைக் கணக்கிலோ 9 மாதமும் ஏறக்குறைய இரண்டு கிழமையும். பிறை மாதம் 29 அல்லது 30 நாளாக இருப்பதனால் இந்த வித்தியாசம் வருகிறது. பிறைக் கணக்கு வைத்திருப்போர் அந்நாளுக்குரிய ஆங்கிலத் திகதியையும் பக்கத்தில் குறித்துக்கொண்டால் குழப்பமில்லை. பிறைத் திகதி மஃரிபோடு மாறுவதால் ஒரு நாள் முன்பின்னாகலாம்; அதனால் பாதகமில்லை. ஒரு மாதம் முன்பின்னானால்தான் பாதகம்.

முஸ்லிம் பெண்ணுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஹைழ் எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்று தொழுகைக்காகவும் நோன்புக்காகவும் அவள் பருவமடைந்த நாள் முதல் கவனித்தே வருகிறாள். கழாச் செய்ய வேண்டிய நோன்புகளை எண்ணி வைக்கிறாள். அதே கணக்கை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வைப்பதுதான் மீதி வேலை.

எழுதி வைத்தும் சிலருக்குக் கணக்குச் சரிவராது. மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்கள், பாலூட்டிக்கொண்டிருக்கும்போது கருவுற்றவர்கள், கருத்தடை மாத்திரையை அண்மையில் நிறுத்தியவர்கள் இத்தகையோர். இவர்களுக்கு முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேன் பேருதவி. அக்காலத்தில் குழந்தையின் நீளத்தை அளந்து, பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேல் பிழைக்காமல் வயதைச் சொல்லிவிடுகிறார்கள். மாதம் ஏறிய பின் எடுத்தால் அந்தத் துல்லியம் கிடைக்காது. கர்ப்பம் என்று தெரிந்ததும், 8 வாரத்துக்கு முன்னரே, உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் பதிந்துகொள்ளுங்கள் என்று வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். "மூன்று மாதம் முடியட்டும், ஆட்களுக்குத் தெரிய வேண்டாம்" என்று ஒளித்து வைப்பதால் இழப்பது மிக அருமையான காலத்தை.

பயத்துக்குப் பதில்

ஊசியால் நீர் எடுக்கும் சோதனை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்யப்படுவது அல்ல. தக்க காரணம் இருந்தால் மட்டுமே, வழமையாக 15 வாரத்துக்குப் பின்னர், ஸ்கேன் பார்த்தபடி அனுபவமுள்ள வைத்தியர் செய்வார். அதனால் கரு கலையும் ஆபத்து 100இல் ஒன்றுக்கும் குறைவு. எனினும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆகவே ஆவலுக்காகச் செய்வதும் கூடாது. அவசியம் என்று வைத்தியர் சொல்லும்போது வீண் பயத்தால் மறுப்பதும் கூடாது. ஏன் செய்கிறீர்கள், என்ன தெரியவரும், எவ்வளவு உறுதியாகத் தெரியவரும் என்று மூன்று கேள்விகளைக் கணவனும் மனைவியும் சேர்ந்து கேட்பது அவர்களது உரிமை.

அடுத்த வகுப்பில் இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, "உங்கள் மகளுக்கு எத்தனையாவது வாரம்?" என்று கேட்டேன். திரைக்கு அப்பால் மௌனம். கிளினிக்கில் கேட்டபோதும் மகள் ஞாபகமில்லை என்றே சொன்னாளாம். அட்டையில் அந்த இடம் வெறுமையாகவே இருந்ததாம். மறு கிழமை ஒரு கடதாசி வந்தது. "மௌலவி, மகள் கழா நோன்புக் கணக்கைப் பார்த்தாள். ரமழான் 21இல் இருந்து ஆறு நோன்பு விட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு வரவில்லை" என்றிருந்தது.

அன்று ஸபர் பிறை 3. விரல் விட்டு எண்ணினேன். ஏறக்குறைய 130 நாட்கள். 18 வாரமும் சில நாட்களும். அந்தத் திகதியை மருத்துவ மாதுவிடம் சொல்லி அட்டையில் பதியும்படி எழுதி அனுப்பினேன். அந்தப் பிள்ளைக்கு ஊசிச் சோதனை எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் அவளது அட்டையில் வெறுமையாக இருந்த இடம் நிரம்பியது. இனி எந்த அளவை எடுத்தாலும் வைத்தியருக்கு அதன் பொருள் விளங்கும்.

அன்புச் சகோதரிகளே, இன்றிரவே ஒரு கொப்பியை எடுத்து முதல் திகதியை எழுதுங்கள். மணமுடித்துக் கொடுத்த மகளுக்கும் மருமகளுக்கும் ஒவ்வொரு கொப்பி கொடுத்துவிடுங்கள்.